புகார்களை வைத்து ஒரு நகரத்தைப் புரிந்துகொள்ள முடியுமா?

பல்கலைக்கழகக் குழுக்கள் நகராட்சித் தரவை வைத்து உண்மையில் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நல்ல உதாரணம். தெருவிளக்கு எரியவில்லை, நடைபாதை உடைந்திருக்கிறது என்று நகராட்சியிடம் குறைகளைச் சொல்வதற்கென்று அந்நகரில் உள்ள 311 சேவைக்கு வந்த புகார்களை ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். ஆனால் புகார் குறைவாக வரும் பகுதியில் குறையே இல்லை என்று அர்த்தமில்லை. மக்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதனால் அணைந்த விளக்குகளையும் நடைபாதைகளின் நிலையையும் நேரில் பதிவுசெய்து புகார்களோடு ஒப்பிட்டார்கள். அப்புறம்தான் எந்தப் பகுதி எவ்வளவு குறைத்துச் சொல்கிறது என்று கணித்துத் திருத்த முடிந்தது. என் பார்வையில் இந்தத் திருத்தம்தான் மொத்த வேலைக்கும் உயிர். இது இல்லாமல் பணம் ஒதுக்கினால், வாய்விட்டுக் கேட்பவர்களின் தெருவுக்கே மறுபடியும் விளக்கு போகும்.