துகள் ஒட்டணுமா, ஒட்டக்கூடாதா?

கேள்வி: ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து கரண்ட் எடுக்குற ப்யூயல் செல்லுக்கு இன்னமும் ஏன் சார் பிளாட்டினம்? இரும்பு மாதிரி மலிவா எதுவும் ஆகாதா?

பதில்: ஆகும், லேப்ல ஆகுது, நாள்பட நிக்கமாட்டேங்குது. ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சூண்டு பிளாட்டினமே போதும், கஷ்டமெல்லாம் ஆக்சிஜன் பக்கம்தான், அந்த ரியாக்‌ஷன் அவ்ளோ மெதுவு. கணக்குப்படி 1.23 வோல்ட் வரவேண்டிய செல்லு லோடு ஏத்தினா 0.6, 0.7ல வந்து நிக்குறதுக்கு பெரிய காரணமே அதுதான். பிளாட்டினத்துக்குப் பதிலா போடுற இரும்பு-நைட்ரஜன்-கார்பன் கேட்டலிஸ்ட்ல (கேட்டலிஸ்ட்னா ரியாக்ஷனை வேகப்படுத்துற பொருள்) ஓரமா கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், அது இரும்போட சேர்ந்துச்சுன்னா ராடிக்கல்னு எதையும் தாக்குற துண்டுங்க கிளம்பி, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்குற மெம்பிரேன் படலத்தையே அரிச்சிடும். அதனாலதான் 2014ல வந்த டொயோட்டா மிராய் ஹைட்ரஜன் கார்லகூட பிளாட்டினத்தோட கோபால்ட்டை கலந்தாங்களே ஒழிய பிளாட்டினத்தை விடல.

கேள்வி: சர்க்யூட் பிரிண்ட் பண்ற வெள்ளி இங்க்லயும் நானோ துகள், கேட்டலிஸ்ட்லயும் நானோ துகள். ரெண்டும் ஒரே டெக்னிக்கா?

பதில்: ரொம்ப நல்ல கேள்வி. துகள் ரெண்டு மூணு நானோமீட்டருக்கு சிறுத்தா மூணுல ஒரு பங்குக்கு மேல அணுக்கள் வெளிப்பரப்புல வந்துடும், அதுங்களுக்கு சும்மா இருக்கப் பிடிக்காது, பக்கத்து துகளோட சேரத்தான் பார்க்கும். வெள்ளி உருக 961 டிகிரி வேணும், ஆனா நானோ வெள்ளி 150 டிகிரி பக்கமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது, அதனாலதான் பிளாஸ்டிக் ஷீட் மேல சர்க்யூட் போட முடியுது. பிரிண்ட் அடிச்ச உடனே கோடு பழுப்பா மங்கலாதான் இருக்கும், கரண்டும் சரியா போகாது, ஏன்னா பாட்டில்ல கட்டி தட்டாம இருக்க துகள் மேல பூசின பாலிமர் இன்னும் அங்கயே இருக்கு. சூடு ஏற ஏற அது விலகி, துகளெல்லாம் கழுத்து கழுத்தா இணைஞ்சு, கோடு வெள்ளியா மின்ன ஆரம்பிக்கும், மீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் மளமளன்னு இறங்கும். செம்பு மலிவுதான், கடத்துறதுலயும் வெள்ளிக்கு கொஞ்சம்தான் குறைச்சல், ஆனா காத்து பட்டா ஆக்சைடாகி படுத்துடும், அதுக்குத்தான் மில்லி செகண்ட் கணக்குல ஃப்ளாஷ் லைட் அடிச்சு சட்டுனு ஒட்டவைக்குறாங்க.

ப்யூயல் செல்லுல அப்படியே தலைகீழ். அங்க துகள் ஒட்டினா பரப்பு போச்சு, பரப்பு போனா பவர் போச்சு! கார்பன் மேல தள்ளித்தள்ளி உக்காரவச்சாலும், வண்டி ஓடும்போது வோல்டேஜ் ஏறி இறங்க இறங்க சின்ன துகள் கரைஞ்சு பெருசு மேல போய் படியுது. இதை நிறுத்துறதுதான் என்னைப் பொறுத்தவரை புது கேட்டலிஸ்ட் கண்டுபிடிக்குறதைவிட முக்கியமான வேலை.

கேள்வி: எம்.எஸ்சி. படிக்கிறேன், இதுல எந்தப் பக்கம் போகலாம்?

பதில்: முதல்ல இங்க் பண்ணக் கத்துக்கோங்க, ரெண்டு பக்கமும் உதவும். கேட்டலிஸ்ட் லேயரும் இங்க்தான்: பிளாட்டினம் ஏத்தின கார்பன், தண்ணி, ஆல்கஹால், அயனோமர் (புரோட்டானைக் கடத்துற பாலிமர்). அயனோமர் குறைஞ்சா புரோட்டானுக்கு வழியில்ல, கூடினா ஆக்சிஜனுக்கு வழியில்ல, இந்த அளவைப் பிடிக்கவே மாசக்கணக்கா ஆகும், பொறுமையா பண்ணுங்க.