புள்ளலூர் தூண்கள் யாருக்காக?

கேள்வி: காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், வயல்களுக்கிடையே வெள்ளையர் காலத்து நினைவுத் தூண்கள் இரண்டைக் கண்டேன். திப்பு ஆங்கிலேயரை வென்ற போரின் அடையாளம் என்று உடன் வந்தவர் கூறினார். அது சரிதானா?

பதில்: ஊர் சரி, போர் வேறு. புள்ளலூரில் ஓராண்டு இடைவெளிக்குள் இரண்டு போர்கள் நடந்ததால் இந்தக் குழப்பம் பலருக்கும் நேர்கிறது. திப்புவின் பெயரை நிலைநிறுத்தியது 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த முதற்போர். தூண்களோ, 1781 ஆகஸ்ட் 27 அன்று நடந்த இரண்டாம் போரில் மாண்ட லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுன், கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப் ஆகிய இருவருக்காக எழுப்பப்பட்டவை.

முதற்போரின் முடிவை ஓர் ஆறு பாதி எழுதிவிட்டது என்றே நான் கருதுகிறேன். குண்டூரிலிருந்து ஆங்கிலேயப் படையுடன் வந்த கர்னல் வில்லியம் பெய்லி, கொசஸ்தலை ஆற்றில் நீர் குறைந்திருந்தபோதே கடந்துவிடாமல் வடகரையில் பாளையம் இறங்கினார். அடுத்து வந்த வெள்ளம் அவரை ஒரு வாரத்துக்கும் மேலாக அங்கேயே நிறுத்திவிட்டது. காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு அவர் சேர்வதற்குள் திப்பு வழிமறித்தார், பின்னர் அவர் தந்தை ஹைதர் அலியின் முழுப்படையும் வந்து சூழ்ந்தது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிந்துகொண்டிருக்கையில் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, ஏறக்குறைய 3,800 பேர் கொண்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அன்றே அழிந்தது. ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மன்றோ, தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னை நோக்கிப் பின்வாங்கினார்.

இந்தக் காட்சியைக் கண்ணால் காண விரும்பினால் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தைப் பாருங்கள். சதுரமாக அணிவகுத்து நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்களின் நடுவே, காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்து திகைப்பில் விரலைக் கடித்துக்கொண்டிருப்பார். அருகிலேயே வெடிமருந்து வண்டி சிதறிக்கொண்டிருக்கும்.

மறு ஆண்டு ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் படை நடத்தி வந்தபோது, தமக்கு ராசியான களம் என்று நம்பி ஹைதர் அதே இடத்தில் எதிர்த்து நின்றார். அந்தப் போர் எவருக்கும் தெளிவான வெற்றியைத் தரவில்லை. பிரவுனும் ஹிஸ்லப்பும் அதில்தான் இறந்தார்கள்.

புள்ளலூர் களம் கண்டது அதுவே முதல்முறையும் அன்று. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது; அந்தப் பகைவர் சாளுக்கியர் என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான். பெய்லியின் படையில் பெரும்பகுதியினர் இந்நாட்டுச் சிப்பாய்கள்; அவர்களை எதிர்த்து நின்றவர்களும் இந்நாட்டவரே. இரு தரப்பிலும் மாண்ட அந்த எளிய வீரர்களில் ஒருவரின் பெயரையாவது தாங்கும் கல் அந்த வயலில் இல்லை. 1780, 1781 ஆகிய இரண்டு போர்களையும் அவற்றில் மடிந்த சிப்பாய்களையும் சேர்த்துச் சொல்லும் தமிழ்ப் பலகை ஒன்று அத்தூண்களின் அருகே கட்டாயம் வேண்டும். பெய்லியின் கல்லறையைக் காண விரும்புவோர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கே செல்ல வேண்டும். அவர் 1782ஆம் ஆண்டு அங்கே சிறையில் இறந்தார்.