வாசகர் கேள்வி: சிகாரின் மூடியை எங்கே வெட்டுவது?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் கியூபா சிகார் ஒரு பெட்டி கொடுத்தார். நம்ம ஊர்ச் சுருட்டு மாதிரி வாயில் வைத்து இழுத்தால் காற்றே வரவில்லை. சரி என்று நுனியைக் கத்தியால் அரை அங்குலம் வெட்டினேன், மேலிலை பிரிந்து வாயெல்லாம் புகையிலைத் தூள். சிகார் போலியா ஐயா?
- மோல்மீன் வாசகர்

பதில்: போலி என்று முடிவு கட்ட வேண்டாம் தம்பி, வெட்டிய இடம்தான் கோளாறு. பர்மாவில் நாம் பார்த்துப் பழகிய சுருட்டு இரண்டு பக்கமும் திறந்தது. நறுவிலி இனத்து மரத்தின் இலையில் சுற்றி, வாய் வைக்கும் பக்கம் மக்காச்சோளத் தோகையைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள், அதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கியூபா சிகாரில் உள்ளே நிரப்பியது, அதைச் சுற்றிக் கட்டியது, வெளியே தெரிகிற மெல்லிய மேலிலை எல்லாமே புகையிலைதான். அந்த மேலிலையைப் பற்றவைக்கும் பக்கத்தில் தொடங்கி, சாய்வாகச் சுற்றிக்கொண்டே வந்து வாய் வைக்கும் தலைப்பக்கத்தில் முடிப்பார்கள். முடிந்த இடம் அவிழாமல் இருக்க, அதே மாதிரி இலையில் சின்ன வட்டத்துண்டு வெட்டி, மணமில்லாத தாவரப் பசை தடவி ஒட்டுவார்கள். இதுதான் மூடி. அழகுக்கு ஒட்டியது என்று நினைத்துப் பலரும் இதை முழுசாகச் சீவிவிடுகிறார்கள், ஆனால் சிகாரைச் சுற்றியிருக்கும் இலை முழுவதற்கும் முடிச்சே அதுதான்.

உங்கள் சிகாரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கையால் சுருட்டிய கியூபா சிகாரில் தலைப்பக்கம் மெல்லிய கோடுகள் தெரியும், பெரும்பாலும் மூன்று. கடைசிக் கோட்டுக்குக் கீழே கத்தி போகவே கூடாது. தலை வளைந்து வந்து நேராகிற இடம் ஒன்று இருக்கிறதே, தோள் மாதிரி, அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். நுனியிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அவ்வளவுதான். நீங்கள் வெட்டிய அரை அங்குலம் 12 மில்லிமீட்டருக்கு மேல், அப்புறம் இலை எப்படி நிற்கும்?

வெட்டிய பிறகு பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு மயிரிழை வெட்டலாம். கூடுதலாக வெட்டியதை ஒட்டவைக்க முடியாது, அதனால் குறைவாகவே தொடங்குங்கள்.

காய்கறிக் கத்தி வேண்டாம், அது வெட்டுவதற்கு முன்னால் நசுக்கிவிடும். நடுவில் துளையும் அதன் இரண்டு பக்கமும் அலகும் உள்ள சிகார் கட்டர் வாங்குங்கள், மெதுவாக அழுத்தாமல் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு: கட்டரை மேசையில் படுக்கவைத்து, சிகாரின் தலையை அந்தத் துளைக்குள் மேசை தட்டும்வரை செங்குத்தாக நிறுத்தி வெட்டினால், கட்டரின் தடிமனே அளவுகோலாகி ஆழமாகப் போகாமல் தடுத்துவிடும். மண்டலை பக்கத்து வறண்ட மாதங்களில் மூடி காய்ந்து வெடிக்கும். வெட்டுவதற்கு முன் சில வினாடி உதட்டில் வைத்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். நம் மழைக்காலத்தில் கதை நேர் எதிர், ஈரம் ஏறி உப்பிப்போன சிகார் எவ்வளவு சரியாக வெட்டினாலும் இறுக்கமாகத்தான் இழுக்கும், அதற்காக மேலும் மேலும் வெட்டாதீர்கள். மூடிய பெட்டியில் 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் சில வாரம் வைத்தால் சரியாகும்.

கேள்வி: தலை கூம்பாக இருக்கும் சிகாருக்கும் இதே அளவுதானா?
- பெகு வாசகர்

பதில்: இல்லை. கூம்பில் தோள் கிடையாது, மூடியும் நீளமாக இறங்கும். முனையில் கொஞ்சமாக வெட்டி இழுத்துப் பாருங்கள், போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். தலையில் இலையை முறுக்கி வால் மாதிரி விட்டிருந்தால் அதை விரலால் திருகினாலே சில சமயம் திறந்துகொள்ளும்.

கேள்வி: சிகார் புகையை உள்ளே இழுப்பதில்லையே, அப்படியானால் கெடுதல் இல்லைதானே?
- யாங்கோன் வாசகர்

பதில்: இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குப் புகை நுரையீரல்வரை போக வேண்டியதில்லை. நம்ம ஊர்ச் சுருட்டுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வெட்டாமல் துளை மட்டும் போடுகிற கருவி நல்லதா?
- தட்டோன் வாசகர்

பதில்: தலை உருண்டையாக, சிகாரும் தடிமனாக இருந்தால் நல்லது. மூடியின் ஓரம் அப்படியே இருப்பதால் இலை பிரியும் பயம் குறைவு. மெலிந்த சிகாருக்கும் கூம்புக்கும் ஒத்துவராது. துளை சிறியது என்பதால் புகையின் பிசின் அங்கேயே தங்கிக் கடைசிப் பகுதி கசக்கலாம். ஒரே ஒரு கருவிதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் இரட்டை அலகுக் கட்டரையே வாங்குங்கள்.