கேளுங்கள், சொல்கிறோம்: ஆலப்புழையில் எந்தப் படகில் ஏறுவது?

கோடை விடுமுறைக்கு ஆலப்புழை போக நினைக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

காட்பாடியில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஆலப்புழை என்கிறார்கள். பெரியவர்கள், பிள்ளைகள் என்று ஏழு பேர் கிளம்புகிறோம். ஹவுஸ்போட்டில் ஒரு ராத்திரி தங்கினால் கால்வாய்களை எல்லாம் பார்த்துவிடலாமா?
வாசகி, சத்துவாச்சாரி

முடியாது. ஹவுஸ்போட்டில் போனால் ஏரியைப் பார்க்கலாம், அகலமான ஆற்றைப் பார்க்கலாம். ஊருக்குள் வீட்டு வாசலை ஒட்டி ஓடும் குறுகலான கால்வாய்க்குள் அது நுழையவே நுழையாது. படகின் அகலமும் கூரையின் உயரமும் இடம் கொடுக்காது. கால்வாய்க்கு மேலே போட்டிருக்கும் நடைபாலங்கள் அவ்வளவு தாழ்வு. ஆலப்புழை போய்த் திரும்புகிறவர்களில் பலருக்கு ஏமாற்றம் வருவது இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாததால்தான்.

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். பகல் 12 மணிக்கு ஏற்றிக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கரையில் கட்டிவிடுவார்கள். மாலை 5.30 மணிக்கு மேல் படகு ஓடாது. மறுநாள் காலை 8 மணிக்கு அவிழ்த்து, 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். 21 மணி நேரத்துக்குக் காசு கொடுத்தாலும் படகு ஓடுவது சுமார் ஐந்தரை மணி நேரம்தான். இதற்காகப் படகுக்காரரோடு சண்டை போடாதீர்கள். பொழுது சாய்ந்தால் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம். அதற்காக வைத்த ஏற்பாடு அது.

உங்கள் குடும்பத்துக்கு நாங்கள் சொல்லும் வழி இது. சென்னை–ஆலப்புழை எக்ஸ்பிரஸ் இரவில் காட்பாடி வந்து, மறுநாள் முற்பகலில் ஆலப்புழை சேரும். ஸ்டேஷன் கடற்கரைப் பக்கம். படகுத்துறை ஊரின் கிழக்கே, கேரள அரசு பஸ் நிலையத்தை ஒட்டி. இடையில் சுமார் 4 கி.மீ., ஆட்டோவில் போகலாம். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே அறை எடுங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் 3 மணிக்கு ஷிக்காரா பேசுங்கள். துணிக்கூரை போட்ட மோட்டார் படகு அது. ஏழு பேருக்கு ஒன்று போதும். மூன்று மணி நேரம் எடுங்கள். ஏறுவதற்கு முன்பே, "புன்னமடை ஏரியைச் சுற்ற வேண்டாம், கைனகரிப் பக்கம் உள் கால்வாய்களுக்கு விடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஏரியில் ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். வாடகையை மணிக்கணக்கில் பேசுங்கள், தலைக்கணக்கில் வேண்டாம்.

மறுநாள் கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகில் கோட்டயம் போங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் பயணம். டிக்கெட் நம் டவுன் பஸ்ஸைப் போல மலிவு. பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரர்களும் துறைக்குத் துறை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஒன்றை மட்டும் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்: கோட்டயம் நகரத் துறை வரைக்கும் போகிறதா, காஞ்ஞிரம் துறையோடு நிற்கிறதா? கால்வாயின் குறுக்கே உள்ள தூக்குப் பாலங்கள் பழுதானால் படகு காஞ்ஞிரத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருக்கும். கோட்டயத்தில் மாலை திருவனந்தபுரம்–சென்னை மெயில் ஏறினால் விடிகாலை காட்பாடி. முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று தேதியைத் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

பாதிராமணல் தீவு வரை போகும் அரசு சுற்றுலாப் படகு 'வேகா' முற்பகலிலேயே கிளம்பிவிடும். ரயில் கொஞ்சம் தாமதமானாலும் தவறிவிடும் என்பதால் வந்து இறங்கும் நாளில் அதை நம்ப வேண்டாம்.

நம் வேலூர்க் கோட்டை அகழி மாதிரி நிற்கிற தண்ணீரா, ஓடுகிற தண்ணீரா? போன ஜனவரியில் போனபோது ஆகாயத்தாமரை படகைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் நகரவே இல்லை.
வாசகர், குடியாத்தம்

இரண்டும்தான், மாதத்தைப் பொறுத்தது. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சல் ஆறுகள் வேம்பநாட்டு ஏரியில் வந்து விழுகின்றன. ஏரி வடக்கே கொச்சியில் கடலோடு சேர்கிறது. ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டு வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே கிடப்பவை. உப்புநீர் ஏறினால் நெல் கருகிவிடும். அதனால் ஏரியின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி, டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை மதகை மூடுகிறார்கள். அறுவடை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும்.

ஆலப்புழை இந்த அணைக்குத் தெற்கே இருப்பதால், மூடிய மாதங்களில் தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கும். ஆகாயத்தாமரை நல்ல தண்ணீர்ச் செடி. அப்போது மளமளவென்று மண்டிவிடும். மதகு திறந்து உப்பு ஏறியதும் பழுத்துச் சாகும். நீங்கள் போனது சரியாக மூடிய பருவம்.

படகு நின்றது ஏன் என்றால், அந்தச் செடியின் வேர்கள் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். மோட்டார் படகைத் தள்ளும் விசிறி சுழலும்போது அவை கயிறுபோல அச்சில் சுற்றிக்கொள்ளும். ஓட்டுநர் முதலில் ரிவர்ஸ் போட்டு உதறப் பார்ப்பார். போகாவிட்டால் எஞ்சினை அணைத்து, பின்பக்கம் குனிந்து கத்தியால் அறுத்தெடுப்பார். அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து பின்பக்கம் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. பின்பாரம் கூடினால் படகு சாயும். அவர் கை தண்ணீருக்குள் இருக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை போகிறவர்கள் துடுப்புப் படகு எடுப்பது நல்லது. விசிறி இல்லாததால் சிக்க ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை.

துடுப்புப் படகில் இன்னொன்றும் கண்ணில் படும். வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் உங்கள் இடுப்புக்குக் கீழே கிடக்கும். தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு நெற்பயிரைக் குனிந்து பார்ப்பீர்கள். வயல் தண்ணீரை மேலே கால்வாய்க்குத் தள்ளும் மரப்பெட்டி பம்புகள் வரப்போரம் இருக்கும். 'பெட்டியும் பறையும்' என்பார்கள். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மையை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக வேளாண் மரபாக அறிவித்தது.

ஆலப்புழை நகருக்குள்ளேயே பழைய கால்வாய்கள் உண்டாமே? அதில் படகு போகுமா?
வாசகர், ராணிப்பேட்டை

உண்டு. வடக்கே வாடக்கனால், தெற்கே கமர்ஷியல் கனால் என்று இரண்டு. 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்காகத் துறைமுகத்தை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாசன் காலத்தவை. மலைநாட்டு மிளகும் குட்டநாட்டுச் சரக்கும் ஏரி வழியாக வள்ளங்களில் வந்து, இந்தக் கால்வாய்களில் கடற்கரைக்குப் போய், கப்பல் ஏறின. 1859-இல் கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கியதும் கால்வாயோரம் பண்டகசாலைகள் பெருகின. கடல்பாலமும் கலங்கரை விளக்கமும் 1862-ஐச் சேர்ந்தவை. பாலத்தின் துருப்பிடித்த இரும்புக் கால்கள் இன்றும் அலையில் நிற்கின்றன.

படகு புறப்படும் அரசுத் துறை வாடக்கனாலின் கிழக்குப் பகுதியில்தான் இருக்கிறது. ஏரிக்குப் போகும் முதல் சில நிமிடங்கள் நீங்கள் இருப்பது அந்தப் பழைய கால்வாயில். துறைக்கு மேற்கே நகருக்குள் இருக்கும் பகுதியை நடந்துதான் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்குள் நடங்கள். இரண்டு கால்வாய்க்கும் நடுவில் முல்லைக்கல் பகவதி கோயில் இருக்கிறது. அதையும் பார்த்துக்கொண்டு மேற்கே போனால் கடற்கரை.

ஆன்லைனில் படம் பார்த்து முன்பணம் கட்டினோம். போனால் வேறு படகு. ஏ.சி. ராத்திரி 9 மணிக்குத்தான் போட்டார்கள். எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?
வாசகி, ஆம்பூர்

ஏ.சி. விஷயம் பெரும்பாலான படகுகளில் அப்படித்தான்: இரவு 9 முதல் காலை 6 வரை, ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும். பகலிலும் வேண்டுமென்றால் 'முழுநேர ஏ.சி.' என்று தனியாகக் கேட்டு, கூடுதல் கட்டணத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

படகு மாறியதற்குக் காரணம், நீங்கள் கட்டியது தரகருக்கு. அவருக்குச் சொந்தப் படகு இருக்காது. அன்றைக்கு எது காலியோ அதில் ஏற்றுவார். முன்பணத்துக்கு முன் படகின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 'கே.ஐ.வி.' என்று தொடங்கும். படகின் பக்கத்திலேயே எழுதியிருக்கும். அந்த எண் தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். துறையில் ஏறும்போது அதே எண்தானா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். கேரளச் சுற்றுலாத் துறை தரும் கோல்டு ஸ்டார், சில்வர் ஸ்டார் சான்று இருந்தால் சுவரில் மாட்டியிருப்பார்கள். லைஃப் ஜாக்கெட்டை ஆள் கணக்குப்படி எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்குச் சிறிய அளவு தனியாக வேண்டும். பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் தலை வழியே உருவிக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குக் கேரளத்துச் சிவப்பு மட்ட அரிசிச் சோறு, தேங்காயெண்ணெய்ச் சமையல். நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. வெள்ளைச் சோறு, வேறு எண்ணெய், சைவமா அசைவமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். படகில் ஏறிய பிறகு சொன்னால் கடைக்குப் போக வழியில்லை.

ஏறியதும் படகின் உடம்புப் பலகையைத் தொட்டுப் பாருங்கள். உண்மையான கெட்டுவள்ளம் (பழைய பாணி தைத்த படகு) என்றால் அயனி மரப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். பலகை சேரும் இடத்தில் தேங்காய் நாரைத் திணித்து, அதன்மேல் கயிறு துணித்தையல் மாதிரி வரிசையாகப் போகும். மேலே கறுப்பாகப் பளபளப்பது முந்திரி ஓட்டை வேகவைத்து எடுத்த எண்ணெய்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா?
வாசகர், ஆரணி

அரசுப் படகில் முடியும். விளிம்பு துறை மட்டத்தை ஒட்டி நிற்கும், ஊழியர் கை கொடுப்பார். ஷிக்காராவில் ஒரு படி இறங்கி ஏற வேண்டும். படிகளில் பாசி இருக்கும், ரப்பர் செருப்பு வழுக்கும். வெறுங்காலோடு இறங்கச் சொல்லுங்கள். படகின் நடுவில் உட்காரவையுங்கள். சிறிய படகில் கழிப்பறை இல்லை, துறையிலேயே போய்வந்துவிட வேண்டும்.

எந்த மாதம் நல்லது? வள்ளம்களிப் படகுப் போட்டியையும் பார்க்க ஆசை.
வாசகர், திருப்பத்தூர்

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாங்கும். ஆனால் கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் சாமிகளால் ரயிலில் இடம் கிடைப்பது கடினம். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. ஏரியில் திடீர்க் காற்று கிளம்பும். மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தால் சுற்றுலாப் படகுகள் நிறுத்தப்படும்.

நேரு கோப்பைப் போட்டி வழக்கமாக ஆகஸ்டில், புன்னமடையில் நடக்கும். 2024-இல் வயநாட்டு நிலச்சரிவை அடுத்து செப்டம்பர் 28-க்குத் தள்ளிப்போனது. தேதி உறுதியான பிறகு ரயில் டிக்கெட் எடுங்கள். போட்டி நாளில் புன்னமடைப் பக்கம் மற்ற படகுகள் ஓடாது. கால்வாய்ச் சுற்றுலாவை அதற்கு முந்தைய நாளோ மறுநாளோ வைத்துக்கொள்ளுங்கள்.