ஆஸ்கார் தொட்டியில் செர்ரி இறால்: காசு திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அண்ணா, நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் மூன்றடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கார் மீன் வளர்க்கிறேன், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் இருக்கும். போன மாதம் பொள்ளாச்சி போனபோது ஒரு கலர் மீன் கடையில் சிவப்புச் செர்ரி இறால் பார்த்தேன், ஒன்று முப்பது ரூபாய். வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பில் "ஆஸ்கார் கூட விடலாமா" என்று கேட்டதற்கு, "தாராளமா விடுங்க, கொஞ்சம் பாசி போட்டா ஒளிஞ்சுக்கும், ஒண்ணும் ஆகாது" என்று கடைக்காரர் குரல்பதிவு அனுப்பினார். மறுபடி போய் 25 இறால் வாங்கி வந்து சாயங்காலம் விட்டேன். காலையில் ஒன்றுகூட இல்லை. கேட்டால் துண்டுச் சீட்டில் அச்சடித்திருக்கிற "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" வரியைக் காட்டுகிறார். நான் கேரளா, கடை தமிழ்நாடு. எங்கே போய்ப் புகார் சொல்வது?

பதில்: உங்கள் ஆஸ்கார்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செர்ரி இறால் முழுசாக வளர்ந்தாலே ஒரு அங்குலம், மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு நூல். ஆறு அங்குல ஆஸ்கார் அதைத் துரத்திக் கடிக்க வேண்டியதே இல்லை, பக்கத்தில் போய் வாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்ந்து இறாலும் உள்ளே போய்விடும். அமேசான் பக்கத்து மீன் அது, பூச்சியும் இறாலும் சின்ன மீனும் தின்றே பழகிய சாதி. 750 ரூபாய்க்கு ஒரு ராத்திரி விருந்து வைத்திருக்கிறீர்கள்.

பாசி போட்டால் ஒளிந்துகொள்ளும் என்று சொன்னாரே, அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கப்பி மாதிரி சின்ன வாய் மீன் இருக்கிற தொட்டியில் ஜாவா மாஸ் என்கிற பாசி அடர்த்தியாக இருந்தால் குஞ்சு இறால்கூட ஓரளவு தப்பிக்கும். ஆஸ்கார் தொட்டியில் பாசி எத்தனை நாள் நிற்கும்? கல்லையே புரட்டுகிற மீன், செடியைப் பிடுங்கி மிதக்க விட்டுவிடும். போதாததற்கு இறால் சில வாரத்துக்கு ஒருமுறை சட்டை உரிக்கும், உரித்ததும் உடம்பு வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும், அந்த நேரத்தில் ஒளிய இடமில்லாவிட்டால் ஏஞ்சல் மீனுக்குக்கூட அது சுலபமான தீனி. ஃபிளவர்ஹார்ன், அரோவானா, பெரிய சிக்லிட், லோச் மாதிரி மீன் வகைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வாய்க்குள் போகிற அளவு என்றால் போய்விடும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

சரி, காசுக்கு வருவோம். உங்களுக்குச் செத்த இறாலையோ நோய் பிடித்த இறாலையோ விற்கவில்லை. அதனால் "சரக்கில் குறை" என்று ஆரம்பித்தால் கடைக்காரர் சுலபமாக நழுவிவிடுவார். உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்பது பற்றி வாங்குகிறவருக்குத் தவறான தகவல் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. நீங்கள் கேட்டது ஆஸ்காரோடு விடலாமா என்றுதான், அவர் விடலாம் என்று சொன்னது அவர் குரலிலேயே இருக்கிறது. அந்தக் குரல்பதிவை அழிக்காதீர்கள், ஃபோன் மாற்றினாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். நிறையப் பேருக்குக் கையில் இதுகூட இருக்காது, வாய்ப்பேச்சோடு போயிருக்கும்.

அந்தச் சீட்டு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்பதும் அதே சட்டப்படி தப்புதான்; திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் என்று பில்லில் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில்லே தராமல் விற்பதும் தப்பு. துண்டுச் சீட்டை அடுத்த முறை ஏற்றுக்கொள்ளாதீர்கள், கடைப் பெயரும் தேதியும் "செர்ரி இறால் 25" என்ற விவரமும் இருக்கிற பில்லாகக் கேளுங்கள்.

எல்லைப் பிரச்சினை உங்களுக்கு இல்லவே இல்லை. பழைய 1986 சட்டம் என்றால் கடை இருக்கிற கோயம்புத்தூர் மாவட்டத்துக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். இப்போது புகார் செய்பவர் குடியிருக்கிற இடத்திலேயே கொடுக்கலாம், அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். பொருளுக்குக் கொடுத்த காசு ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் 750 ரூபாய்க்கு நேராக அங்கே போகச் சொல்ல மாட்டேன். முதலில் அந்தக் குரல்பதிவை அவருக்கே திருப்பி அனுப்பி, "நீங்க சொன்னதை நம்பித்தான் விட்டேன், காசு வேண்டாம், அதே தொகைக்கு வேறு பொருள் கொடுங்க" என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் பத்துப் பேர் முன்னால் பேர் கெடுவது பிடிக்காது. மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால்தான் ஆணையம்.

காசுக்குப் பதிலாக வேறு பொருள் தருகிறேன் என்றால் என்ன கேட்பது? ஒன்றரை அடித் தொட்டி ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு கைப்பிடி ஜாவா மாஸ். மேலே கொஞ்சம் கைக்காசு போட வேண்டியிருக்கும், போடுங்கள். இறாலுக்குத் தனித் தொட்டிதான் வழி. மூன்று நான்கு வாரம் இறால் எதுவும் விடாமல் ஃபில்டரை மட்டும் ஓட்டிவிட்டு, பிறகு பத்துப் பன்னிரண்டு இளம் இறால் வாங்கி விடுங்கள். பெரிய பெரிய இறாலாகப் பார்த்து வாங்காதீர்கள், அதன் மொத்த ஆயுளே ஒன்றிரண்டு வருடம், பெரிசு என்றால் பாதி வாழ்க்கை கடையிலேயே முடிந்திருக்கும். பெண் இறால் இருபது முப்பது முட்டையை வயிற்றுக்கடியில் மூன்று நான்கு வாரம் சுமக்கும், பெருகினால் பிறகு உபரியை ஆஸ்காருக்கே போடலாம், அப்போது மனசும் வலிக்காது.

உங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினம் என்று எல்லோரும் புலம்புவீர்கள், செர்ரி இறாலுக்கு ஓரளவு கடினத் தண்ணீர் நல்லதுதான், சட்டை உரிக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதே கடையில் "கிரிஸ்டல் ரெட்" என்று சிவப்பு வெள்ளைப் பட்டை போட்டதைக் காட்டினால் வாங்காதீர்கள், அதற்கு மென்மையான தண்ணீரும் குளிர்ச்சியும் வேண்டும், விலையும் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில் செர்ரியே திணறும், 30 டிகிரிக்கு மேல் போனால் ஆபத்து. மூடியை எடுத்துவிட்டு மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், வற்றுகிற தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றாமல் ஆர்ஓ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மீனுக்குப் போடுகிற மருந்து எதையும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள், பலவற்றில் செம்பு இருக்கிறது, இறாலுக்கு அது விஷம்.

கேள்வி: பட்டாணி பஃபர் மீன் இறாலோடு சண்டையில்லாமல் இருக்கும் என்கிறார்களே, நம்பலாமா? சித்தூர் கடையில் பார்த்தேன், ஆசையாக இருக்கிறது.

பதில்: ஆசை வருவது நியாயம், அது கேரளத்து ஆறுகளின் சொந்த மீன், அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. ஒரு அங்குல உடம்பு, உருட்டுகிற கண். ஆனால் நத்தை ஓட்டை உடைக்கிற அலகு வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மூன்று பஃபரைப் பதினைந்து செர்ரியோடு விட்டேன், விழுங்க முடியாததால் கண்ணையும் காலையும் கொத்தின. மூன்றாவது வாரம் மிச்சம் நான்கு, குஞ்சு ஒன்றுகூட இல்லை. சிலர் தொட்டியில் தகராறு இல்லாமல் இருக்கிறது, மீனுக்கு மீன் குணம் மாறும், அதற்காகக் காசைப் பணயம் வைக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். வாங்குவதாக இருந்தால் தனியாக வளர்க்க வாங்குங்கள், வயிறு ஒட்டிய மீனை எடுக்காதீர்கள், கடையிலேயே ஒரு நத்தையோ புழுவோ போடச் சொல்லித் தின்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கேள்வி: கோபாலபுரத்திலிருந்து எழுதுகிறேன். "கண்ணாடி இறால், சாது" என்று சொல்லிப் பத்து கொடுத்தார்கள், பில் இருக்கிறது. மூன்று வாரம் ஆகிறது. இப்போது இரண்டுக்குக் கை நீளமாக வளர்ந்துவிட்டது, கப்பிகள் வால் இல்லாமல் திரிகின்றன. இறால் மீனைத் தின்னுமா?

பதில்: உங்களுடையது தலைகீழ்க் கதை. அது பெரும்பாலும் கொஞ்சு, கேரளப் பக்கம் ஆற்றுக்கொஞ்சு என்று கறி வைப்பார்களே அந்த இனத்துக் குஞ்சு. சின்ன வயதில் உடம்பு கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், வளர வளர முன் கை நீண்டு நுனியில் இடுக்கி வந்துவிடும், தூங்குகிற மீனை ராத்திரியில் பிடிக்கும். கடையில் வாங்கும்போதே முன் கையைப் பார்க்க வேண்டும், அது உடம்பை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காசு விஷயத்தில் உங்கள் பிடி ஆஸ்கார்காரரை விட வலுவானது. ஒரு பெயர் சொல்லி வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள், பில்லில் "கண்ணாடி இறால்" என்றே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. 30 நாள் முடியவில்லை, அதற்குள் போங்கள். பில்லை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டையும் தனித் தனிப் பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள், ஒரே பையில் போட்டால் போய்ச் சேரும்போது ஒன்றுதான் இருக்கும். மிச்சம் எட்டை இன்றைக்கே வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்து எதற்கெல்லாம் கை நீள்கிறது என்று பாருங்கள்.