12 வோல்ட் கம்ப்ரசருக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது: கேள்வி பதில்

கார், பைக் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன 12 வோல்ட் கம்ப்ரசரை மலிவாக வாங்கிவிட்டு, இழுக்கவில்லை, சூடாகிறது, பாதியில் நிற்கிறது என்று ஏகப்பட்ட பேர் கேட்டிருக்கிறீர்கள். சென்னை தண்டையார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த கம்பெனி மிஷின் வாங்கலாம் என்ற கேள்விகளை எடுக்கவில்லை. பெரும்பாலும் ஒரே மாதிரி மோட்டார்தான், மேல் டப்பாதான் வேறு.

கால் டாக்சி ஓட்டுநர், தண்டையார்பேட்டை: அண்ணே, புது மிஷின். லைட்டர் சாக்கெட்டில் போட்டால் 25 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) மேல் திணறுது. பெரிய மோட்டார் மாத்தணுமா?

மோட்டாரைத் தொடாதீங்க. முதலில் வயரைப் பாருங்க. இந்த மிஷின்கள் ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். கூட வரும் வயர் 3 மீட்டர், போக வர 6 மீட்டர். அது ஒழுங்கான 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பாகவே இருந்தாலும் வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் காலி. பிரித்துப் பார்த்தால் பல மிஷின்களில் அதைவிட மெல்லிசு. சிலதில் அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும்.

அடுத்தது லைட்டர் பிளக். நடு முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங், பக்கத்தில் இரண்டு தகட்டு நாக்கு, மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது. ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்க. முனை பழுப்பாகியிருக்கும், பிளாஸ்டிக் இளகிய வாடை வரும். அங்கேயும் அரை வோல்ட் போகிறது. மோட்டாருக்கு மிச்சம் கிடைப்பது 11 வோல்ட் கூட இல்லை. வேகம் குறைகிறது, அதனால்தான் 25ல் மூச்சு முட்டுகிறது.

பிளக்கை வெட்டிவிட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் மல்டி ஸ்ட்ராண்ட் வயர் போடுங்க. நுனியில் நல்ல கனமான முதலை கிளிப் வைத்து நேராக பேட்டரியில் மாட்டுங்க. ப்ளஸ் வயரில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம். மிஷின் பக்கத்தில் பியூஸ் வைத்துப் புண்ணியமில்லை, நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் பேட்டரி மொத்தத்தையும் அதில் கொட்டும். இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடித்தால் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும். டிஜிட்டல் டிஸ்பிளே உள்ள மிஷினில் ப்ளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தால் போர்டு போய்விடும், அதை மட்டும் கவனியுங்க.

மாற்றி அமைப்பது என்றால் முக்கால்வாசி இவ்வளவுதான்.

ராயபுரம்: வீட்டில் கரண்டில் ஓட்ட, சிசிடிவி அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர் இருக்கு. போதுமா?

போதாது. அது தருவது 24 வாட், மிஷின் கேட்பது 120.

காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா: ஸ்கூட்டர் பேட்டரியிலிருந்து ஓட்டலாமா? கடைக்கு மீன் எடுக்க விடியற்காலை கிளம்பும்போது பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்காது.

ஓட்டலாம் அக்கா, ஆனால் ஸ்கூட்டரில் இருப்பது 3, 4 ஆம்பியர் அவர் பேட்டரி. வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிஷம் என்றால் தாங்கும். போன் சார்ஜ் போடும் பாயிண்டில் செருகவே செருகாதீங்க. என்னைக் கேட்டால் நல்ல கால் பம்ப் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் போடுங்க. ஸ்கூட்டர் டயர் சின்னது, கொஞ்ச நேரம் மிதித்தால் முடிந்தது. உப்புக்காற்றில் துருப்பிடிக்க மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை.

வண்ணாரப்பேட்டை: மிஷினில் 33 காட்டுது, பெட்ரோல் பங்கில் பார்த்தால் 29. எது பொய்?

மிஷின் ஓடும்போது கேஜ் காட்டுவது ஓஸுக்குள் இருக்கும் அழுத்தம். டயருக்குள் இருப்பது அதைவிடக் குறைவு. நிறுத்திவிட்டுப் படியுங்க. அதற்கு மேல், திருகிக் கழற்றும் வாயாக இருந்தால் கழற்றும்போதே 'உஸ்' என்று ஒன்று, இரண்டு போய்விடும். அதை வெட்டிவிட்டு, மடக்கிப் பூட்டும் பித்தளை வாய் மாட்டுங்க. இரும்புக்கு முலாம் பூசியது நம்ம கடற்கரைப் பக்கம் சீக்கிரம் பல்லிளித்துவிடும். தனியாக ஒரு கேஜ் வாங்கி, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பாருங்க. எவ்வளவு வைக்கணும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்சம், அதை வைக்காதீங்க.

எண்ணூர் விரைவுச் சாலை, டிரெய்லர் கிளீனர்: எங்க வண்டி டயருக்கு இது ஆகுமா?

ஆகாது. உங்க டயருக்கு 100க்கு மேல் வேணும், டயரும் இடுப்பு உயரம். உங்க வண்டியிலேயே பிரேக்குக்கு நல்ல கம்ப்ரசர் ஓடுகிறது. அதில் டயருக்குக் காற்றெடுக்கும் வாய் இருக்கா என்று மெக்கானிக்கைக் கேளுங்க.

கொருக்குப்பேட்டை: சூடு தாங்கலை சார். மேல் கூட்டைக் கழற்றிட்டு ஓட்டலாமா? இன்ஜின் ஆயில் ரெண்டு சொட்டு விடலாமா?

காற்றை அழுத்தினாலே சூடாகும், அது இயற்கை. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஓஸ் கிளம்பும் இடம்தான் அதிகம் கொதிக்கும், விரலை வைக்க முடியாது. கூட்டைக் கழற்றினால் ஆடும் கிராங்க் வெளியே தெரியும், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். கூட்டில் ஹெட்டுக்கு நேராக ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 80 மில்லிமீட்டர் 12 வோல்ட் ஃபேனை வைத்து ஊதவிடுங்க. அதே ஸ்விட்சிலிருந்து இணைத்தால் போதும். ஃபேன் போட்டாலும் பத்து நிமிஷம் ஓடினால் பத்து நிமிஷம் ஓய்வு.

ஆயில் வேண்டவே வேண்டாம். பிஸ்டன் வளையம் ஆயில் இல்லாமல் ஓடுவதற்கென்றே செய்தது. ஆயில் ரப்பரை ஊதவைக்கும், தூசியைப் பிடித்துவைக்கும், கடைசியில் டயருக்குள் போகும். கிராங்க் பேரிங்கில் மட்டும் துளி கிரீஸ் தொட்டு வைக்கலாம்.

மணலி: 4 இன்ச் பி.வி.சி. பைப் 3 அடி, ரெண்டு பக்கமும் மூடி ஒட்டி டேங்க் செய்யப்போறேன். பைப்பில் 10 கிலோன்னு அச்சு இருக்கு. 100 பி.எஸ்.ஐ. வெறும் 7 கிலோதானே?

செய்யாதீங்க. அந்த 10 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) தண்ணீருக்கு, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். சூடு ஏற ஏற பி.வி.சி. தாங்கும் அளவு குறைந்துகொண்டே வரும். மே மாத வெயிலில் மூடி நிற்கும் கார் டிக்கிக்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது, அதனால் பைப்பில் விரிசல் விட்டால் சொட்டி நின்றுவிடும். அழுத்திய காற்று அப்படி இல்லை, விரிசல் விழுந்த கணத்தில் மொத்தமும் வெளியே பாயும். இரும்பு கிழியும், பி.வி.சி. சில்லு சில்லாகச் சிதறும்.

மறுபடி மணலி: நான் பிளாண்டில் ஃபிட்டர் சார். என் நண்பன் இதே மாதிரி ரெண்டு வருஷமா வெச்சிருக்கான், ஒண்ணும் ஆகலை.

ஃபிட்டர் என்றால் இன்னும் வசதி. உங்க பிளாண்டில் காற்று லைன் ஏதாவது பி.வி.சி.யில் ஓடுகிறதா என்று பாருங்க. இல்லை என்றால் ஏன் என்று சேஃப்டி ஆபீசரிடமே கேட்டுவிடுங்க. நண்பர் பைப்புக்கு ரெண்டு வருஷம் வயசாகியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

எண்ணூர், வெல்டர்: அண்ணன் சொல்றது சரி. ஆனா காயலான் கடையில் லாரி பிரேக் டேங்க் கிடைக்குதே? அது இரும்பு, காத்துக்குன்னே செஞ்சது.

பொருள் சரியான பொருள். உள்ளே துரு இல்லாமல், தண்ணீர் நிரப்பி ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதித்து, சேஃப்டி வால்வும் அடியில் தண்ணீர் வடிக்கும் வாயும் இருந்தால் நான் மறுக்க மாட்டேன். நீங்களே அதில் புதிதாக வெல்ட் வைத்தால் மறுப்பேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்க. 20 லிட்டர் டேங்கை 100 பி.எஸ்.ஐ.க்கு ஏற்ற சுமார் 136 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போகணும். டப்பாவில் நிமிஷத்துக்கு 35 லிட்டர் என்று போட்டிருப்பது எதிர் அழுத்தம் இல்லாமல் வெறுமனே ஓடும்போது. அழுத்தத்தில் 15 கிடைத்தாலே பெரிது. ஆக ஒன்பது நிமிஷம், மிஷின் ஓய்வு கேட்கும் நேரம் வந்துவிட்டது. இதையே நேராகக் கார் டயரில் மாட்டினால்? உள்ளே 25 லிட்டர் பிடிக்கும் டயரை 25லிருந்து 33க்கு ஏற்ற 14 லிட்டர் போதும். ஒரு நிமிஷ வேலை. டேங்க் காற்றை உண்டாக்காது, சேர்த்துவைக்கும், அவ்வளவே.

பெரம்பூர்: அப்போ ரிம்மை விட்டு வந்த டியூப்லெஸ் டயரை உட்கார வைக்க? சின்ன மிஷின் ஊதிக்கிட்டே இருக்கு, ஓரத்தில் போய்க்கிட்டே இருக்கு.

நல்ல பாயிண்ட். அந்த ஒரு வேலைக்கு டேங்க் வேணும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே மூச்சில் குபுக் என்று காற்று போனால்தான் டயர் ரிம்மில் போய் ஒட்டும். டேங்க் இல்லாவிட்டால் வால்வு பின்னைக் கழற்றிவிட்டு அடித்துப் பாருங்க, காற்று தடையில்லாமல் போகும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்க. அப்படியும் வரவில்லை என்றால் பஞ்சர் கடைதான். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கும் வித்தையைச் செய்துகாட்டுகிறவர்களைப் பார்த்துச் செய்யாதீங்க.

மணலியே மூன்றாவது முறை: சும்மா பயமுறுத்துறீங்க.

ஆமாம். பி.வி.சி. விஷயத்தில் இதற்கு மேல் பதில் இல்லை.

வியாசர்பாடி: பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரை இதுக்கு பதிலா வைக்கலாமா?

சத்தம் குறைவு, அழுத்தம் நன்றாக ஏறும். ஆனால் 230 வோல்ட், மெதுவாக நிரப்பும், காற்றோடு ஆயிலும் கக்கும். புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ கேஸ், அது தீப்பிடிக்கும். குழாயை நீங்களே அறுக்காமல் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் போங்க. இது என் வேலை இல்லை.

மூலக்கொத்தளம்: 12 வோல்ட் 5 ஆம்பியர் சிசிடிவி அடாப்டர்?
திருவொற்றியூர்: லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட்?
ராயபுரம்: ரெண்டு அடாப்டரைச் சேர்த்துக் கட்டினா?

இல்லை, இல்லை, இல்லை. மூன்று பேரும் மேலே உள்ள பதிலைப் படிக்கவில்லை. மோட்டார் ஓடும்போது 10 ஆம்பியர், கிளம்பும்போது அதைவிட இரண்டு மூன்று மடங்கு. 12 வோல்ட் 20 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) ரிச்சி தெருவில் கிடைக்கும், அதை வாங்குங்க. மின்சாரம் வரும் திருகுகள் திறந்தபடி இருக்கும், மூடி போட்டு எர்த் கொடுங்க. வீட்டில் பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. 18க்குக் கீழே இருந்தால் கிளம்பும்போதே டிரிப் ஆகும்.

புளியந்தோப்பு: நைட்ரஜன் அடித்தால் நல்லதா?

நீங்க மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மாதத்துக்கு இரண்டு தடவை அளவு பார்ப்பது அதைவிட நல்லது.

திருவொற்றியூர், பள்ளி மாணவன்: அப்பாவோட பழைய சைக்கிளுக்கு இந்த வாய் மாட்ட மாட்டேங்குது அங்கிள்.

அது டன்லப் வால்வு தம்பி, கார் வால்வு வேறு. மிஷினோடு வந்த சின்னப் பொட்டலத்தில் பித்தளை அடாப்டர் இருக்கா பார், இல்லையென்றால் சைக்கிள் கடையில் கேள். வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் டியூப் வெடித்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது, அதை முதலில் மாற்று. அந்த வால்வு காற்றைத் திரும்ப விடாது, அதனால் கேஜ் முள் டயருக்குள் இருப்பதைக் காட்டாது. சில நொடி ஓட்டு, நிறுத்து, கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார், கல்லாகும் முன்னே விட்டுவிடு.