சின்ன வயதில் கேட்ட விளம்பரப் பாட்டுகள் உண்மையிலேயே எவ்வளவு நினைவிருக்கின்றன?

மெட்டு அச்சு அசலாக இருக்கும். வார்த்தைகள் பாதிக்கு மேல் தேறாது. "எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு" என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்காரன். எங்கள் பக்கம் ரேடியோ என்றாலே சிலோன்தான். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல். மீடியம் வேவ் அலை நிலத்தின் மேல் போவதைவிட உப்புத் தண்ணீரின் மேல் வலு குறையாமல் வெகுதூரம் போகும். அதனால் திருச்சி நிலையம் கரகரக்கும். கொழும்பு பக்கத்து வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோல் கேட்கும். இன்னொன்று, அகில இந்திய வானொலியில் விளம்பரம் வர ஆரம்பித்ததே 1967இல், விவித பாரதியில்தான். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அதற்கு முன்பிருந்தே விளம்பரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே இந்தக் கரையில் எங்கள் அப்பா தலைமுறையின் மண்டையிலும் விளம்பரம் ஏறியிருக்கிறது. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களை எங்கள் ஊரில் இன்றும் பேசிக் காட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கோபால் பல்பொடி விளம்பரம் நினைவிருக்கும்: இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளை அடுக்கி, மக்களின் பேராதரவைப் பெற்றது என்று முடிப்பார்கள். எங்கள் வீட்டில் நாலு பேரை உட்காரவைத்துச் சொல்லச் சொன்னால், நாடுகளின் வரிசை ஆளுக்கு ஒன்றாக வரும். எங்கள் சித்தப்பா சிங்கப்பூரை மலேசியாவுக்கு முன்னால் கொண்டுவருவார், அதுதான் சரி என்று சண்டையும் போடுவார். அதே ஆட்களிடம் நிர்மா பாட்டைக் கேளுங்கள். ஹேமா, ரேகா, ஜெயா, சுஷ்மா. ஒருவர்கூட வரிசை மாற்றமாட்டார். இரண்டுமே நாலு பெயர்தான். முதலாவது பேச்சு, இரண்டாவது பாட்டு. பேச்சில் எந்தப் பெயரை எங்கே போட்டாலும் வாக்கியம் நிற்கும். பாட்டில் சுஷ்மாவை முன்னால் கொண்டுவந்தால் நிர்மாவோடு சேரும் இயைபு போய்விடும், நாக்கு உடனே தடுக்கும். ஞாபகம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு இந்தத் தாளக்கட்டின் வேலை.

அர்த்தம் தெரிந்தால்தான் நினைவில் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். கடற்கரைப் பிள்ளைகளிடம் அது செல்லாது. 1982இல் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி வந்தபிறகு, நீளமான இரும்புக் குழாயில் ஆண்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, தென்கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தோம். ஒருவர் மாடியில் திருப்ப, கீழே இருந்து "இன்னும் கொஞ்சம்… போச்சு, போச்சு, பழையபடி வை" என்று கத்துவது சாயங்கால வழக்கம். வந்தது பாதி புள்ளிதான். ஆனால் சத்தம் தெளிவு. பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் சிங்களத்தில் பாடுவார்கள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. அந்தப் பிஸ்கட் எங்கள் ஊர்க் கடையிலும் கிடையாது. அப்படியிருந்தும் தெருவே பாடியது. இன்றும் அதில் ஒரு பாட்டை முதல் எழுத்து தொடங்கிக் கடைசிவரை பாடுவேன்.

பாடுவேன் என்றுதான் சொன்னேன், சரியாகப் பாடுவேன் என்று சொல்லவில்லை. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து மண்டபம் அகதிகள் முகாமுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி நாங்கள் பாடியதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். பாதிச் சத்தம் நாங்களே செய்துகொண்டதாம். சரியான வரியைச் சொல்லியும் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், அவள் சொல்லிக்கொடுத்தது சுத்தமாக மறந்துவிட்டது. எங்கள் தப்புப் பாட்டுதான் நிற்கிறது. முதலில் பதிந்ததை, அதுவும் நூறு தடவை வாயால் பாடிப் பதிந்ததை, பிறகு வந்த திருத்தம் அசைக்கவில்லை. நம்மில் பலர் பழைய விளம்பரம் என்று பாடுவதும் இப்படி நாமே பாடிப் பாடி வைத்துக்கொண்ட பாட்டாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தக் காலப் பாட்டெல்லாம் மனதில் நிற்பதில்லை என்று புலம்புகிறவர்களுக்கும் ஒன்று. அன்றைய பாட்டு உயர்ந்தது என்பதால் நிற்கவில்லை. அடுத்த சினிமாப் பாட்டுக்காகக் காத்திருக்கும்போது விளம்பரத்தைத் தாண்டிப்போக வழியில்லை, வருடக்கணக்கில் அதே பாட்டைப் போட்டார்கள், அவ்வளவுதான். என் அண்ணன் மகன் ஐந்தாவது நொடியில் ஸ்கிப் அமுக்குகிறான். பாவம், அவனுக்கு எப்படி நிற்கும்?

உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தால், சொட்டு நீலமோ சோப்போ, ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுக்காமல் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அல்லது மூன்றாவது வரியிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். மனதுக்குள் முதல் இரண்டு வரியை ஓட்டிவிட்டுத்தான் மூன்றாவதற்கு வந்தார். உதடு அசைந்ததில் பிடித்துவிட்டேன்.